கூடுதல் மூட்டை

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு வரச் சொல்வது இந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிகளுக்காக. பெட்டிகளுக்குத் தூசி ஆகாதாம். எனக்குக் குளிர் ஆகாது, அதைக் கேட்பார் இல்லை. ஏசி நேராகப் பிடரியில் ஊதுகிறது, தரை உள்ளங்காலை நக்குகிறது, ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொள்கிறேன், பிறகு மாற்றிக்கொள்கிறேன், கொக்கு மாதிரி, யாராவது பார்த்திருப்பார்கள், பார்த்தால் சிரிப்பார்கள், இவர்களுக்குச் சிரிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. இன்றைய தேர்வுக்குக் குலுக்கிப் போட்ட சீட்டில் எனக்கு வந்தது, பத்து எண்களை வாங்கிக்கொண்டு அவற்றை வரிசையாகத் திருப்பிக் காட்டுகிற நிரல். வகுப்பு எடுக்கிற கோமளா மேடம் சீட்டை எட்டிப் பார்த்து, "பெரியவரே, உங்களுக்கு லக்குதான், ஈஸியா வந்திருக்கு" என்றார், பால்வாடிப் பிள்ளையிடம் பேசுவதுபோலக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. கழுத்தைச் சாய்த்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஈஸியாம். தேறினாலும் தேறாவிட்டாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் முறுக்குத் தின்னப் போகிறவர்களுக்கு எல்லாமே ஈஸி. நான் தேறினால் கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கில் எடைமேடைக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது, தேறாவிட்டால் அட்டி. செயலாளர் அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "அண்ணே, அந்த மேசைக்குக் கம்ப்யூட்டர் வருது. சர்டிஃபிகேட் இருக்கிறவன்தான் அங்க உக்காரணும்னு மேலேருந்து ஆர்டர். காலேஜுல சாயங்கால வகுப்பு நடக்குது, பாஸ் பண்ணிட்டு வாங்க, உங்க சீட்டு உங்களுக்கு. இல்லேன்னா அட்டியில போயி நில்லுங்க." அட்டி என்றால் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கிய நெல்மூட்டைகள். அதன் கீழே சுணையிலும் புழுக்கத்திலும் நாள் முழுக்க நிற்பது. ஆள் குறைகிற அன்றைக்கு முதுகையும் கொடுப்பது. குடலிறக்கத்துக்கு என் வயிற்றைத் தைத்த டாக்டர் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதே என்றிருக்கிறார். தையல் போட்ட இடம் இந்தக் குளிரில் சுருக்கென்கிறது, சட்டைக்குள் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. கணினி அறிமுகம் தேறிவிட்டேன், வலையமைப்பு தேறிவிட்டேன், நிரல் எழுதுவதில் மட்டும் போனமுறை விழுந்தேன். இன்னொருமுறை விழுந்தால் காத்திருக்க மாட்டேன் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பல்லி நகர்கிறது. கை வைத்துப் பார்க்கக் கூடாது, வெளியூரிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் பார்த்தால் துண்டுக் காகிதம் ஒளித்திருக்கிறேன் என்று நினைப்பார்.

இடது பக்கத்துப் பெட்டியில் அவள். ஜெனிட்டா. பகலில் பி.காம்., மாலையில் இந்த வகுப்பு. வருடம் முழுக்க இரண்டு பேருக்கு ஒரு பெட்டி, எனக்கு வாய்த்தது இவள். இன்றைக்குத்தான் ஆளுக்கொரு பெட்டி, அப்படியும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள், வெங்காய வடை வாசத்தோடு. நான் ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைக்கப்போகும்போது அவள் கை குறுக்கே வரும். கேட்டு வராது. கோழி தானியத்தைக் கொத்துவதுபோல வந்து கொத்திவிட்டுப் போகும். "தள்ளுங்க அங்கிள், நீங்க ஒவ்வொரு எழுத்தாத் தேடிக் குத்துறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயி வளைகாப்பே வந்துடும்." பின்வரிசை சிரிக்கும். நான் தள்ளிக்கொள்வேன். என்ன சொல்வது, நாற்பது வருடம் மூட்டை எண்ணிக்கையைக் கிடங்கு அதிரக் கத்திச் சொன்னவன் நான், ஆனால் அது எண்ணிக்கை, பேச்சு இல்லை. பேச்சு எனக்கு வராது. வலையமைப்புப் பாடத்தில் ஒயர் நுனிக்குப் பிளாஸ்டிக் தலை மாட்டச் சொன்னார்கள், உள்ளே சின்னச் சின்னக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு வரிசை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் செய்தேன், பிடித்திருந்தது, அந்த மாதத்திலேயே எனக்குப் பிடித்திருந்த ஒரே காரியம் அதுதான். சோதிக்கிற கருவியில் வைத்தபோது ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வெட்டுக்கருவியை எடுத்து அந்தத் தலையை நறுக்கென்று வெட்டிவிட்டாள். "இது தேறாது, வேற போடலாம்." மேசையில் விழுந்த அந்தத் தலையை யாருக்கும் தெரியாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை, இன்னும் வீட்டில் மாடத்தில் கிடக்கிறது.

எனக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான். வகுப்பு ஆரம்பித்த புதிதில் மேடம் பலகையில் வரிசையாகக் கட்டங்கள் போட்டார், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருக்குமாம். திடீரென்று என்னைக் காட்டி, "முதல் கட்டத்துக்கு நம்பர் என்ன, பெரியவரே?" என்றார். நான் பதறிவிட்டேன். பதறினால் வாய் பழகினதைத்தான் சொல்லும். "லாபம்" என்றேன். எங்கள் பக்கம் நெல் அளக்கிறவன் எவனும் ஒன்று என்று தொடங்க மாட்டான். லாபம், ரெண்டு, மூணு. களத்திலும் அப்படித்தான், மண்டியிலும் அப்படித்தான், மூட்டை தராசில் ஏறுவதும் அப்படித்தான், முதலுக்கு நல்ல வார்த்தை சொல்லித் தொடங்கினால்தான் அளக்கிற கை விளங்கும். இது இவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும், எல்லாம் நெல்லுச்சோறு தின்கிற கூட்டம்தானே. முதலில் சிரித்தது அவள். பிறகு மொத்த வகுப்பும். மேடமும் வாயைக் கையால் மூடிக்கொண்டார், மூடினால் தெரியாதா. "பூஜ்யம், பெரியவரே. பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கணும்." அன்றிலிருந்து நான் கதவைத் திறந்தால், "லாபம் வந்தாச்சு, கிளாஸ ஆரம்பிங்க மேடம்." காதில் விழாததுபோல இருந்துவிடுவேன். விழாததுபோலவே இருந்து இருந்து, என்னைக் கொஞ்சம் செவிடு என்று முடிவு கட்டிவிட்டார்கள், இப்போது என் முன்னாலேயே என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். "லாபம் இந்தவாட்டியும் ஊத்திக்கும் பாரு." அதுவும் அவள்தான், இன்றைக்கு மத்தியானம், வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அடிக்கவேண்டும். நேரம் போகிறது. நிரல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், மேடமே சொன்னதுதான், "புரியலைன்னா விட்டுடுங்க, மனப்பாடம் பண்ணிடுங்க, போதும்." நடைப்பயிற்சியின்போது, பம்புசெட்டில் குளிக்கும்போது, பஸ்ஸில், வாயை அசைத்துக்கொண்டே படித்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து போய்விட்டார். புள்ளி, கமா, வளைந்த அடைப்பு, ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி. அரைப்புள்ளி ஒன்று விட்டாலும் பெட்டி கோபித்துக்கொள்ளும், அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை, கட்டு சரியில்லாத மூட்டையை நானும் இறக்கித்தான் வைப்பேன். இந்தப் பெட்டியோடு எனக்கு ஒரே ஒரு விரோதம் அந்தப் பூஜ்யம்தான். வலையமைப்பில் ஒன்று செய்யச் சொன்னார்கள், இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஆள் விட்டுப் பார்ப்பது, போய்த் திரும்பி வந்ததும் கீழே கணக்குக் காட்டும். அனுப்பியது நான்கு, வந்தது நான்கு, இழப்பு பூஜ்யம். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது, லாரி ஏற்றிவிட்டு ரசீது வாங்குவதுபோல. பூஜ்யம் இருக்கவேண்டிய இடம் அது. இழப்பில்லை என்று கடைசியில் சொல்வதற்கு. அதைக் கொண்டுபோய் முதல் மூட்டையின் நெற்றியில் ஒட்டுகிறார்களே, வந்திறங்கிய மூட்டையை வரவில்லை என்பதுபோல, இது என்ன கணக்கு, யார் வீட்டுக் கணக்கு, விவசாயி எதிரில் நின்றுகொண்டு அவன் மூட்டையைப் பூஜ்யம் என்று சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவான். எண்களை வாங்குகிற வரி முடிந்தது, மனப்பாடத்தில் இருந்தபடியே பூஜ்யம் போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்தது காட்டுகிற வரி. யாருடைய நாற்காலியோ கீச்சென்கிறது. தேர்வாளர் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். அந்த நாற்காலி, என் நாற்காலி, அதில் ஒரு கை உடைந்து கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறது, மழைநாளில் நெல்வாசத்தோடு துரு வாசமும் வரும், அதில் நாளைக்கு வேறு ஒருவன் உட்கார்ந்தால் அந்தக் கம்பி அவன் முழங்கையைக் கிழிக்கட்டும். முடித்துவிட்டேன். எல்லா வரியிலும் அரைப்புள்ளி இருக்கிறது. ஓடவிட்டேன். நீலத்திரை போய்க் கறுப்புத்திரை வந்து கேட்டது, கொடுத்தேன், என்ன எண் கொடுப்பது என்று யோசிக்கவில்லை, மூட்டை எடைதான் கைக்கு வந்தது. நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பது, இப்படியே பத்து.

திருப்பிக் காட்டியதில் நாற்பத்தொன்று இல்லை. நாற்பதில் தொடங்குகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், இல்லை. முதல் மூட்டையைக் காணோம். வரிசையின் அடியில், நான் கொடுத்தவை எல்லாம் முடிந்த பிறகு, கழித்தல் குறியோடு ஒரு நீளமான எண் நிற்கிறது. வாசலைத் தாண்டி நிற்கிற இலக்கங்கள், ஊரில் விளைகிற நெல்லை எல்லாம் கொட்டினாலும் வராத எடை. இதை யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. எங்கிருந்து வந்தது. காட்டுகிற வரியில் ஒன்றிலிருந்து பத்துவரைக்கும் என்று போட்டிருக்கிறேன், என் கை தானாகப் போட்டிருக்கிறது, ஒன்றிலிருந்து பத்துவரைக்கும் எண்ணினால் பத்துதானே, எந்தச் சாமி வந்து கேட்டாலும் பத்துதானே. குறைந்தால்கூடப் பரவாயில்லை. நெல் காய்ந்தால் எடை குறையும், எலி தின்னும், சிந்தும், குறைவுக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. கூடினால் காரணமே கிடையாது. ஒரு தை மாதம் பறக்கும்படை வந்து அட்டியைப் பிரித்து எண்ணியதில் ஒரு மூட்டை கூடுதலாக இருந்தது. அதிகாரி சத்தம் போடவில்லை, அதுதான் பயம், கல்யாணத்துக்கு வந்தவர்போல மெல்லக் கேட்டார். "குறைஞ்சா காத்துல போச்சுன்னு எழுதிக்கலாம். கூடினா எவன் வயித்துல அடிச்சது? யாரு ஏத்தினது இதை? சொல்லுங்க, யாரு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், எண்ணிக்கை சொல்கிறவன் நான்தானே. மறுபடி எண்ணுங்கள் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. பொழுது சாயும்வரை எண்ணினார்கள், கடைசியில் விதைநெல் மூட்டை ஒன்று தவறி அந்த அட்டியில் ஏறியிருந்தது தெரிந்தது, அதிகாரி சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர் போய்விட்டார், அந்தக் குரல் போகவில்லை. யாரு. சொல்லுங்க, யாரு. இப்போதும் சில நாள் சோற்றில் கை வைக்கும்போது கேட்கும்.

கோழி வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கத்திலிருந்து அந்தக் கை வந்து, மெலிந்த கை, நகம் கடித்த கை, காட்டுகிற வரியில் ஒன்று என்ற எண்ணைக் கொத்தி அழித்துப் பூஜ்யம் வைத்தது, பத்துக்கு முன்னால் நின்ற சமக்குறியையும் கொத்தி அழித்தது, ஓடவிட்டது, எண்களைக்கூட அவளே என்னவோ தட்டினாள், போய்விட்டது. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரைக்கும் என்று ஆகிவிட்டது, பத்தும் வந்தன. முதலும் இருந்தது, அந்த வேண்டாத எண்ணும் இல்லை. "ச்சை, இதுகூடத் தெரியாம" என்று தன் பெட்டியிடம் சொல்வதுபோல முணுமுணுத்தாள். யார் கேட்டார்கள் உன்னை. நீ நல்லது செய்யவில்லை, எனக்குத் தெரியும், தப்பாக ஒன்று கண்ணில் பட்டால் உனக்குக் கை அரிக்கிறது, அவ்வளவுதான், நான் விழுந்தாலும் உனக்கு ஒன்றுமில்லை, எழுந்தாலும் ஒன்றுமில்லை. நாளைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லுவாய், லாபத்தைப் பாஸ் போட்டதே நான்தான் என்று. அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நாளும் உன் கை வந்து என் தொடைக்குக் கீழே கிடக்கும். தேர்வாளர் இரண்டு பெட்டிக்கு அப்பால் இருக்கிறார், யாரையோ கேள்வி கேட்கிறார், கிடைத்தது நேரம். பூஜ்யத்தை அழித்தேன். ஒன்று போட்டேன். சமக்குறியைத் தேடினேன், எங்கே வைத்திருக்கிறான் அதை, மேல் வரிசையில், இருக்கிறது, போட்டேன். எடைகளை மறுபடியும் கொடுத்தேன். என் எண்கள், என் தப்பு. முதலைக் காணோம், அடியில் அந்தக் கழித்தல் குறி எண் பழையபடி வந்து பல்லைக் காட்டுகிறது. என்ன செய்தேன். கைக்கு வந்த நாற்காலியைத் தூக்கி வாய்க்காலில் போட்டேன். போட்டால் என்ன. அட்டியில் நிற்கிறேன், தையல் பிரிந்து செத்தால் சாகிறேன், நெல்மூட்டைக்குக் கீழே செத்தவனை லாபம் என்று கூப்பிட ஜெனிட்டா அங்கே வர மாட்டாள். இல்லை, நாற்காலி வேண்டும். வேண்டும்தான். ஆனால் அவள் கொடுத்து வேண்டாம். பிறகு எப்படி வேண்டும், பக்கிரிசாமி, யார் கொடுத்து வேண்டும், சொல்லித் தொலை.

"ஐயோ லாபம், ஏன் மாத்துனீங்க?" கிசுகிசுப்பு. கை மறுபடியும் வருகிறது. என் முழங்கைக்கு மேலே, என் விரல்களுக்குக் குறுக்கே, தள்ளுங்க என்றுகூடச் சொல்லாமல். "கையை எடு." யார் சொன்னது. நான்தான். கிடங்குக் குரல், மூட்டை தராசில் ஏறும்போது வருகிற குரல், அது இந்தக் கண்ணாடி அறைக்குள் வந்துவிட்டது. தட்டுகிற சத்தமெல்லாம் நின்றது. ஏசி மட்டும் ஊதுகிறது. எல்லாத் தலையும் திரும்பியிருக்கிறது, அவள் கை இன்னும் என் விசைப்பலகை மேலே இருக்கிறது, எடுக்க மறந்துவிட்டாள், பைத்தியக்காரி, எடேன். தேர்வாளர் வந்து நின்றார். "என்னம்மா இது? அவர் கீபோர்டுல உனக்கு என்ன வேலை?" மேடம் ஓடி வந்தார். "சார், ரெண்டு பேரும் பார்ட்னர்ஸ் சார், வருஷம் பூரா ஒரே சிஸ்டம், பழக்க தோஷம்." அவர் சிரித்தார். "பழக்கமா? யூனிவர்சிட்டிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினா மூணு வருஷத்துக்கு எந்தப் பரிட்சையும் எழுத முடியாது. பழக்கம் போயிடும்." அவள் கையை எடுத்தாள். எடுத்த இடத்தில், நீளமான அந்தக் கட்டையின் மேல், ஈரமாக விரல் தடம். வாய் பேசவில்லை. ஒரு வருடமாக மூடாத வாய். நன்றாக இருக்கிறது, பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, வெட்டிப்போட்ட ஒயர்த் தலை மாதிரி நிற்கிறாள், இதற்காகத்தான் ஒரு வருடம் செவிடாக இருந்தேன், ஒரு வார்த்தை போதும், இவள்தான் என்கிற ஒரே ஒரு வார்த்தை. அவர் என் பக்கம் குனிந்தார். மெல்லத்தான் கேட்டார். "சொல்லுங்க பெரியவரே. இதுல யாரு அடிச்சது? பயப்படாம சொல்லுங்க, யாரு?"

யாரு. அதே குரல். தை மாதத்துக் குரல், ஜீப்பில் ஏறிப் போன குரல், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. "நான்தான் சார்" என்றேன். "இதுல இருக்கிறது பூராவும் நான் அடிச்சது." பொய்யில்லை. திரையில் இருப்பதில் அவளுடையது ஓர் எழுத்துகூட இல்லை, நானே என் கையால் எடுத்துப் போட்டாயிற்று. "பாப்பா என்னமோ சொல்ல வந்துச்சு, அதான் கைய எடுன்னேன்." அவர் திரையைப் பார்த்தார். "தப்பா இருக்கே." "ஆமாம் சார். முதல்ல ஒண்ணு குறையுது. கடைசியில ஒண்ணு கூடுது." "சரி பண்ணத் தெரியுமா?" தெரியும். தெரியும் என்பதுதான் இழவு. எப்படித் தெரியும் என்று கேட்டால் கோழி கொத்தியதைச் சொல்லவேண்டும், சொன்னால் மூன்று வருடத்துக்கு அவள் பரிட்சை போய்விடும். தெரியாது என்றால் நாற்காலி போய்விடும், அதோடு, தெரியாதவன் எதற்குக் கையை எடு என்று கத்தினான் என்று இந்த மெல்லிய குரல் மறுபடியும் அவள் பக்கம் திரும்பும். வழி ஒன்றுதான் இருக்கிறது, அதையும் அவளே போட்டு வைத்திருக்கிறாள், பாவி மகள். "தெரியும் சார்." "பண்ணுங்க, பார்ப்போம்." எல்லாரும் பார்க்கிறார்கள். ஒன்றை அழித்தேன். பூஜ்யத்தைத் தேடினேன், வரிசையின் முதலில் இல்லை, ஒன்பதுக்கும் அந்தாண்டை, கடைசியில் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும். அழுத்தினேன். சமக்குறியை எடுத்தேன். ஓடவிட்டு எடைகளைக் கொடுத்தேன், வாய் தானாக அசைந்தது, லாபம், ரெண்டு, மூணு, யாருக்காவது கேட்டதோ என்னவோ, யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்தொன்று முதலில் வந்து நின்றது. அவர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, கீழே ஏதோ போட்டு, "முதல் தடவையே இப்படிப் பண்ணியிருக்கலாமே, பெரியவரே. பரவாயில்ல, பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். தட்டுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. அவள் என் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. எழுந்து போகலாம், வாசலில் செருப்பு இருக்கிறது, சங்கத்தில் நாற்காலி இருக்கிறது. எழுந்திருக்கவில்லை. திரையில் மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினேன், கீழிருந்து மேலே எண்ணினேன். பத்து இருக்கிறது. குறையவில்லை. நான் எண்ணிவிட்டேன், யாரு ஏத்தினது என்றும் எனக்குத் தெரியும், ஒரு மூட்டை கூடுதல்.